லூப் முந்தியா, நிபந்தனை முந்தியா?

வியூ என்ற ஜாவாஸ்கிரிப்ட் கட்டமைப்பின் மூன்றாம் பதிப்பு 2020 செப்டம்பர் 18 அன்று வெளிவந்தது. பழைய பதிப்பிலிருந்து மாறுகிறவர்களுக்கென்று ஒரு நீண்ட பட்டியலும் கூடவே வந்தது: எது போயிற்று, எது பெயர் மாறிற்று, எது வேறு மாதிரி நடந்துகொள்ளும் என்று. அதில் ஒரு வரி, அவசரத்தில் படிப்பவர் கண்ணில் படாமலே நழுவிவிடக்கூடியது. ஒரே டேக்கில் வி-ஃபார் என்ற லூப், வி-இஃப் என்ற நிபந்தனை இரண்டும் சேர்ந்திருந்தால் இதுவரை வி-ஃபார் முந்தியது. இனி வி-இஃப் முந்தும். சேதி அவ்வளவுதான். பெயர் மாறவில்லை, எழுதும் முறை மாறவில்லை, ஒரு காற்புள்ளிகூட இடம் மாறவில்லை. ஆனால் பழைய பதிப்பில் ஒழுங்காகப் பட்டியல் காட்டிய ஒரு வரி, புதிய பதிப்பில் பிழையை வீசிவிட்டு வெற்றுத் திரையைக் காட்டலாம்.

ஒரு கட்டமைப்பு தன் தீர்மானத்தைத் தானே தலைகீழாக்கிக்கொண்டது என்றால், முதலில் எடுத்தது தப்பா, இரண்டாவதுதான் சரியா? இரண்டுமே பாதி சரி என்பதுதான் என் கட்சி. எந்தக் கட்டமைப்பு இந்த இடத்துக்கு வந்தாலும் பாதி சரியான பதிலைத்தான் சொல்ல முடியும், அதற்கு ஒரு காரணமும் இருக்கிறது.

எச்.டி.எம்.எல். மொழிக்கு “திரும்பத் திரும்பச் செய்” என்று சொல்லத் தெரியாது. “இப்படி இருந்தால் மட்டும் காட்டு” என்றும் சொல்லத் தெரியாது. செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ அதை உருவாக்கியது ஆவணங்களுக்காக. ஆவணம் என்பது எழுதி முடிக்கப்பட்ட ஒன்று. நூறு வரி வேண்டுமென்றால் நூறு வரியும் அதில் இருந்தாக வேண்டும். ஆனால் இன்றைக்கு நாம் திறக்கும் பக்கங்களில் பெரும்பாலானவை எழுதி முடிக்கப்பட்டவை அல்ல. கேட்கும் நேரத்தில் தயாராகிறவை. ரயில் பட்டியல், மின்கட்டண விவரம், தேர்வு முடிவு, கடையில் என்னென்ன சரக்கு என்ற அட்டவணை, எல்லாமே எங்கோ தரவாக இருந்து, கேட்ட நொடியில் பக்கமாக விரிகின்றன. அப்படி விரிவதற்கான அச்சுதான் டெம்ப்ளேட். பார்க்க எச்.டி.எம்.எல். மாதிரியே இருக்கும்; நடுநடுவே லூப்பும் நிபந்தனையும் செருகியிருக்கும்.

ஒரு நகர நூலகத்தின் பக்கம் என்று வைத்துக்கொள்வோம். ஐயாயிரம் நூல்கள். அவற்றில் இப்போது அலமாரியில் இருப்பவற்றை மட்டும் காட்ட வேண்டும். வியூ முறையில் இதை எழுதுவதை அப்படியே தமிழ்ச் சொற்களில் காட்டினால் இப்படி இருக்கும்:

வரி ஒவ்வொரு="நூல் – நூல்கள்" இருந்தால்="நூல்.கையிருப்பு"

முதல் பண்பு லூப்: நூல்கள் என்ற பட்டியலிலிருந்து ஒவ்வொன்றாக எடு, எடுத்ததை நூல் என்று அழை. இரண்டாவது நிபந்தனை: கையிருப்பு இருந்தால் மட்டும் காட்டு. படிக்கிற எவருக்கும் சந்தேகமே வராது. ஒவ்வொரு நூலாக எடுத்து, இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் ஒரு வரி. வியூவின் இரண்டாம் பதிப்பு இதை அப்படித்தான் படித்தது.

இப்போது நிபந்தனையை மட்டும் மாற்றுவோம்:

வரி ஒவ்வொரு="நூல் – நூல்கள்" இருந்தால்="உறுப்பினர்"

நூலக உறுப்பினராக உள்நுழைந்தவருக்கு மட்டுமே பட்டியல். இதைப் படிக்கும்போது நம் மனம் தானாகவே வரிசையை மாற்றிக்கொள்கிறது: முதலில் உறுப்பினரா என்று பார், ஆமாம் என்றால் நூல்களை எடு. நூலின் பெயரே இந்த நிபந்தனையில் இல்லை. பிறகு எதற்கு நூல்களைத் தொட வேண்டும்? ஆனால் இரண்டாம் பதிப்புக்கு இந்த வித்தியாசம் தெரியாது. உறுப்பினர் அல்லாத ஒருவர் வந்தாலும் ஐயாயிரம் நூல்களையும் ஒன்றொன்றாக எடுத்து, ஒவ்வொரு தடவையும் “இவர் உறுப்பினரா? இல்லை. இவர் உறுப்பினரா? இல்லை” என்று ஐயாயிரம் முறை கேட்டுவிட்டு, கடைசியில் ஒன்றும் காட்டாமல் நிற்கும்.

மூன்றாம் பதிப்பு இந்த இரண்டாவது வகையைச் சரியாகக் கையாள்கிறது. ஒரே ஒரு கேள்வி, பதில் இல்லை என்றால் வேலை முடிந்தது. ஆனால் அதே பதிப்பிடம் முதல் வகையைக் கொடுத்தால்? நிபந்தனை முந்துகிறது. “நூல்.கையிருப்பு” என்ன என்று கேட்கிறது. நூல் என்ற பெயர் லூப் ஓடத் தொடங்கினால்தானே பிறக்கும்? இன்னும் பிறக்காத ஒன்றின் கையிருப்பைக் கேட்டால் ஜாவாஸ்கிரிப்ட் பிழையை வீசிவிட்டு நிற்கும். பிழை வந்தால்கூட நல்லது என்பேன், கண்ணுக்குத் தெரியும். அதைவிடப் பொல்லாத ஒரு நிலை உண்டு. அந்த டெம்ப்ளேட்டுக்குரிய காம்பொனென்டில் (பக்கத்தின் அந்தப் பகுதியில்) தற்செயலாக நூல் என்ற பெயரில் வேறொரு தரவும் இருந்துவிட்டால், உதாரணமாக வாசகர் கடைசியாகத் தேர்ந்தெடுத்த நூல், நிபந்தனை அதைப் பிடித்துக்கொள்ளும். பிழை எதுவும் வராது. அந்த ஒரு நூல் கையிருப்பில் இருந்தால் பட்டியல் முழுவதும் தெரியும். இல்லாவிட்டால் முழுவதும் மறையும். காரணம் தேடுகிறவருக்கு அன்றைய தூக்கம் போயிற்று.

ஆக, நிபந்தனைகள் இரண்டு சாதி. ஒன்று பட்டியலில் உள்ள ஒவ்வொரு உருப்படியையும் பற்றியது. மற்றது பட்டியல் முழுவதையும் பற்றியது. முதலாவது லூப்பின் உள்ளே இருந்தாக வேண்டும். இரண்டாவது லூப்பின் வெளியே இருந்தாக வேண்டும். லூப்புக்கு உள்ளே மாறாமல் நிற்கும் நிபந்தனையை வெளியே தூக்கிப்போடுவது கம்பைலர் எழுதுகிறவர்களுக்குப் பழைய பாடம்தான். சி மொழிக் கம்பைலர்கள் அதைத் தாமாகவே செய்யும். அங்கே உள்ளே எது, வெளியே எது என்பது எழுதிய நிரலிலேயே தெளிவாக இருக்கிறது. ஒரே டேக்கின் மீது இரண்டையும் ஒட்டிவைத்த டெம்ப்ளேட்டில் உள்ளே ஏது, வெளியே ஏது?

சிக்கலின் வேர் வியூவில் இல்லை, எச்.டி.எம்.எல். பண்புகளின் இயல்பில் இருக்கிறது. ஒரு படத்துக்கு அகலத்தை முதலில் எழுதி உயரத்தைப் பிறகு எழுதினாலும், உயரத்தை முதலில் எழுதினாலும் படம் ஒன்றுதான். டேக்கின் பண்புகளுக்கு வரிசை கிடையாது. உறவு மொழியான எக்ஸ்.எம்.எல்.-இலும், பண்புகள் எழுதப்படும் வரிசைக்குப் பொருள் இல்லை என்று அதன் விதிநூலே வெளிப்படையாகச் சொல்கிறது. அகலம், உயரம், நிறம் போன்ற விவரங்களுக்கு இது மிகப் பொருத்தம். அவை ஒன்றையொன்று சார்ந்தவை அல்ல. லூப்பும் நிபந்தனையும் விவரங்கள் அல்ல, செயல்கள். செயல்களுக்கு முன்பின் உண்டு. முன்பின் இல்லாத இடத்தில் முன்பின் உள்ளவற்றைக் கொண்டுவந்து வைத்தாயிற்று. இனி யாராவது ஒருவர் ஆணையிட்டுத்தான் தீர வேண்டும்.

ஆங்குலர்ஜேஎஸ் என்ற கூகுளின் பழைய கட்டமைப்பு இந்த ஆணையை எண்களாகவே எழுதிவைத்திருந்தது. லூப்பான என்ஜி-ரிப்பீட்டின் முன்னுரிமை 1000. நிபந்தனையான என்ஜி-இஃப்பின் முன்னுரிமை 600. பெரிய எண் முதலில். ஏன் 1000, ஏன் 600 என்று கேட்டுப் பயனில்லை. இடையில் வேறெதையாவது செருக வேண்டி வந்தால் இடம் இருக்கட்டும் என்று விட்டுவிட்டு எழுதிய பழைய பேசிக் வரி எண்கள்தான் எனக்கு நினைவுக்கு வருகின்றன. வியூவின் இரண்டாம் பதிப்பில் எண் இல்லை, ஆனால் கம்பைலரில் அதே வேலையை அடுத்தடுத்த நான்கைந்து கேள்விகள் செய்தன: இது மாறாத பகுதியா? ஒரு முறை மட்டும் வரைய வேண்டியதா? லூப் உண்டா? நிபந்தனை உண்டா? லூப் பற்றிய கேள்வி நிபந்தனைக்கு முன்னால் இருந்ததால் லூப் வெளியே போயிற்று, நிபந்தனை உள்ளே அடங்கியது. மூன்றாம் பதிப்பின் கம்பைலர் உருமாற்றங்களை ஒரு வரிசையில் ஓட்டுகிறது; அந்த வரிசையில் நிபந்தனைக்கான உருமாற்றம் லூப்புக்கானதற்கு முன்னால் நிற்கிறது. ஒரு பட்டியலில் இரண்டு பெயர்கள் எந்த வரிசையில் நிற்கின்றன என்பதில்தான் எத்தனையோ பேருடைய டெம்ப்ளேட்டின் பொருள் அடங்கியிருக்கிறது.

கூகுள் தன் கட்டமைப்பை அடியோடு மாற்றி எழுதி 2016 செப்டம்பரில் ஆங்குலர் 2 என்று வெளியிட்டபோது, ஆணையிடும் வேலையையே கைவிட்டது. நட்சத்திரக் குறியோடு எழுதப்படும் லூப்பும் நிபந்தனையும் ஒரே டேக்கில் இருக்கவே கூடாது என்று தடுத்துவிட்டது. எழுதினால் பிழை. இந்தக் கண்டிப்பு தொடக்கத்தில் எரிச்சல் ஊட்டும். ஆனால் இந்த நிலையில் எடுக்கக்கூடிய நேர்மையான முடிவு அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. இரண்டு அர்த்தம் வரக்கூடிய வாக்கியத்துக்குத் தானாக ஒரு அர்த்தத்தைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருப்பதைவிட, “எதைச் சொல்ல வருகிறாய்?” என்று திருப்பிக் கேட்பது மேல்.

சரி, பிரித்து எழுதலாம். வெளியே ஒரு டேக், உள்ளே ஒரு டேக். வெளி டேக்குக்கு என்ன வைப்பது? கைக்கு முதலில் வருவது டிவ். ஆனால் அட்டவணையின் வரிகளைச் சுற்றி டிவ் வைக்க முடியாது. அட்டவணைக்குள் எது வரலாம், எது வரக்கூடாது என்பதில் எச்.டி.எம்.எல். பகுப்பான் கறார், இடம் தெரியாமல் வந்த டிவ்வை அது அலாக்காகத் தூக்கி அட்டவணைக்கு முன்னால் போட்டுவிடும். புள்ளியிட்ட பட்டியலுக்குள்ளும் நேரடிப் பிள்ளையாக டிவ் வைப்பது விதிக்குப் புறம்பு. நிபந்தனையைத் தாங்க ஒரு பொருள் வேண்டும், ஆனால் அந்தப் பொருள் பக்கத்தில் இருக்கக் கூடாது. இந்த விசித்திரமான தேவைக்காகவே ஆங்குலரில் என்ஜி-கன்டெய்னர் பிறந்தது, வியூ டெம்ப்ளேட் டேக்கைப் பயன்படுத்திக்கொண்டது, ரியாக்டில் ஃப்ராக்மென்ட் வந்து 2017 நவம்பரில் வெளிவந்த 16.2 பதிப்பில் அதற்கு ஒரு சுருக்கக் குறியீடும் கிடைத்தது. எல்லாமே எழுதும்போது இருந்து, வரையும்போது மறைகிறவை.

ரியாக்ட் பக்கம் போனால் முன்னுரிமைச் சண்டையே கிடையாது. 2013 மே மாதம் ஃபேஸ்புக் அதைப் பொதுவில் வைத்தபோது, டெம்ப்ளேட் மொழி என்று தனியாக ஒன்றும் தரவில்லை. ஜாவாஸ்கிரிப்டுக்குள்ளேயே டேக்குகளை எழுது என்றது. பலர் முகம் சுளித்தார்கள்; நிரலையும் தோற்றத்தையும் கலப்பது பாவம் என்று சொல்லிக்கொடுத்து வளர்த்த காலம். ஆனால் லூப்பும் நிபந்தனையும் சாதாரண ஜாவாஸ்கிரிப்டாகவே இருந்ததால் எது முந்தி என்ற குழப்பத்துக்கு இடமில்லாமல் போயிற்று. நூல்கள் என்ற பட்டியலை ஃபில்டர் செய், வந்ததை மேப் செய். இரண்டும் 2009-இலேயே ஜாவாஸ்கிரிப்டின் தரத்தில் சேர்ந்துவிட்டவை. சங்கிலியில் எது முதலில் வருகிறதோ அது முதலில் நடக்கும்.

முன்னுரிமைக் குழப்பம் போனாலும் ரியாக்ட் தன் பங்குக்கு வேறொரு குழியை வெட்டிவைத்தது. நூல்கள் இருந்தால் மட்டும் பட்டியலைக் காட்டு என்பதை, நூல்களின் எண்ணிக்கையையும் பட்டியலையும் ‘அண்ட்’ குறியால் இணைத்து எழுதுவது வழக்கம். எண்ணிக்கை மூன்றாக இருந்தால் பட்டியல் வரும். பூஜ்யமாக இருந்தால் ஒன்றும் வரக் கூடாது. ஆனால் திரையில் அநாதையாக ஒரு 0 நிற்கும். ஜாவாஸ்கிரிப்டின் ‘அண்ட்’ உண்மையா பொய்யா என்று பதில் சொல்வதில்லை. இடப்பக்கம் பொய்க்குச் சமமாக இருந்தால் அந்த இடப்பக்க மதிப்பையே திருப்பித் தரும். இடப்பக்கம் இருந்தது 0. ரியாக்ட், பொய் என்ற மதிப்பை வரையாது, ஒன்றுமில்லாததை வரையாது, ஆனால் 0 ஒரு எண், எண்ணை வரைந்துவிடும். ரியாக்ட் எழுதும் ஏறக்குறைய எல்லோரும் ஒரு தடவையாவது சந்தித்திருக்கும் பூஜ்யம் இது.

கையிருப்பைப் பார்த்து வடிகட்டும் வேலையை டெம்ப்ளேட்டுக்குள் வைக்காமல், அதற்கு முன்பே முடித்துவிட்டால் என்ன? வியூவின் நடைக் கையேடு, உருப்படி பற்றிய நிபந்தனைகளுக்கு அதைத்தான் சொல்கிறது: இரண்டையும் ஒரே டேக்கில் சேர்க்காதே, வடிகட்டிய பட்டியலை ஒரு கம்ப்யூட்டட் பண்பாக முன்கூட்டியே செய்துவை, டெம்ப்ளேட் அதன்மீது வெறுமனே ஓடட்டும். உலை வைக்கும் முன் அரிசியில் கல் பொறுக்குவதற்கும், சாப்பிடும்போது பல்லில் பட்டபின் பொறுக்குவதற்கும் உள்ள வித்தியாசம்.

இதில் வேக லாபம் உண்டு, ஆனால் பலர் நினைக்கும் இடத்தில் அல்ல. ஐயாயிரம் தடவை ‘கையிருப்பு உண்டா’ என்று கேட்பது இன்றைய கைப்பேசிக்குக்கூடப் பெரிய சுமை அல்ல. சுமை வேறு இரண்டு இடத்தில் வருகிறது. பக்கத்தில் சம்பந்தமே இல்லாத ஏதோ ஒன்று மாறி, அந்தக் காம்பொனென்ட் மறுபடி வரையப்பட்டால், டெம்ப்ளேட்டுக்குள் இருக்கும் கேள்விகள் அத்தனையும் மறுபடி கேட்கப்படும்; கம்ப்யூட்டட் பண்போ, நூல்களின் தரவு மாறினால் ஒழியப் பழைய விடையையே எடுத்துக் கொடுத்துவிடும். இன்னொன்று கண்ணுக்குத் தெரியாதது. வியூவில் லூப்புக்குள் நிபந்தனை பொய்த்தால், அந்த இடம் சும்மா விடப்படுவதில்லை. பிறகு நிபந்தனை மெய்யானால் எந்த இடத்தில் செருகுவது என்று தெரிய வேண்டுமே? அதனால் ஒரு வெற்றுக் குறிப்புரை அங்கே நட்டுவைக்கப்படுகிறது. ஐயாயிரம் நூல்களில் முப்பதுதான் கையிருப்பில் என்றால், முப்பது வரிகளுக்கு நடுவே 4,970 வெற்றுக் குறிப்புரைகள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். உலாவியின் சோதனைக் கருவியைத் திறந்தால் அந்தக் கல்லறை வரிசையைப் பார்க்கலாம்.

முன்கூட்டியே வடிகட்டுவதால் கிடைக்கும் பெரிய லாபம், என்னைக் கேட்டால், எண்ணிக்கை சரியாக இருப்பது. லூப்புக்குள் வரிசை எண் போடுகிறோம் என்றால், உள்ளே வடிகட்டினால் 1, 4, 5, 9 என்று ஓட்டை விழும். ஆசிரியர் பெயர்களைக் காற்புள்ளியால் பிரித்து எழுதுகிறோம், கடைசிப் பெயருக்குப் பின் காற்புள்ளி கூடாது என்று விதி வைக்கிறோம். கடைசிப் பெயர் மறைக்கப்பட வேண்டியதாக இருந்துவிட்டால், அதற்கு முந்தைய பெயர் தன் காற்புள்ளியோடு தொங்கிக்கொண்டு நிற்கும். பைத்தான் உலகின் ஜின்ஜா டெம்ப்ளேட் இந்த வலியை அறிந்தது. அதில் லூப்பின் தலைப்பு வரியிலேயே, பட்டியலின் பெயரை அடுத்து, நிபந்தனையையும் எழுதலாம். அப்படி எழுதினால் லூப்பின் எண்ணி, தேறியவற்றை மட்டுமே எண்ணும். லூப்புக்கும் நிபந்தனைக்கும் ஒரே வாக்கியத்தில் இடம் கொடுத்து, வரிசையையும் இலக்கணமே கட்டிவிட்டதால் அங்கே யாருக்கும் முன்னுரிமை அட்டவணை தேவைப்படவில்லை.

பட்டியல் காலியாக இருந்தால் என்ன காட்டுவது என்பது தனிக் கதை. 2009-இல் கிறிஸ் வான்ஸ்ட்ராத் உருவாக்கிய மஸ்டாஷ், டெம்ப்ளேட்டில் தர்க்கமே இருக்கக் கூடாது என்ற விரதம் பூண்டது. லூப் என்றும் நிபந்தனை என்றும் அதில் இரண்டு கிடையாது. ஒரே ஒரு குறி. கொடுத்த மதிப்பு பட்டியலாக இருந்தால் ஒவ்வொன்றுக்கும் திரும்ப எழுதும். வெறும் உண்மை என்றால் ஒரு தடவை எழுதும். பொய்யோ காலிப் பட்டியலோ என்றால் எழுதாது. முதல் பார்வைக்குக் கவிதை. ஒருவகையில் உண்மையும்கூட: நிபந்தனை என்பது பூஜ்யம் அல்லது ஒரு தடவை மட்டும் ஓடும் லூப்தானே. ஆனால் “நூல்கள் இருந்தால், மேலே ஒரே ஒரு தலைப்பு, கீழே பட்டியல்” என்று கேளுங்கள். தலைப்பைக் குறிக்குள் வைத்தால் ஒவ்வொரு நூலுக்கும் ஒரு தலைப்பு. வெளியே வைத்தால் நூலே இல்லாதபோதும் தலைப்பு. கடைசியில் தரவிலேயே ‘நூல்கள் உண்டா’ என்று இன்னொரு மதிப்பைச் சேர்த்து அனுப்புவதுதான் வழக்கமான தீர்வு. தர்க்கத்தை வாசல் வழியாகத் துரத்தினால் கொல்லை வழியாக வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இரண்டு அடுக்கு லூப்பில் இது இன்னும் கூர்மையாகும். நூல்களைத் துறைவாரியாகக் காட்டுகிறோம்: வரலாறு, அறிவியல், புதினம். ஒவ்வொரு துறைக்கும் ஒரு தலைப்பு, அதன்கீழ் கையிருப்பில் உள்ள நூல்கள். அறிவியலில் எல்லாமே இரவல் போயிருந்தால் தலைப்பு மட்டும் தனியே நிற்கும். தலைப்பைக் காட்டலாமா என்று முடிவு செய்ய, இன்னும் ஓடாத உள் லூப்பின் விளைவு தெரிந்தாக வேண்டும். மேலிருந்து கீழாக எழுதிக்கொண்டே போகும் டெம்ப்ளேட்டுக்கு முன்னால் எட்டிப் பார்க்கத் தெரியாது. துறைகளையும் நூல்களையும் முதலிலேயே வடிகட்டி, காலியான துறைகளை நீக்கி, தொகுத்த தரவாகக் கொடுப்பதைத் தவிர இங்கே நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை.

‘காலி’யிலும் மூன்று காலி உண்டு. தரவு இன்னும் வந்து சேரவில்லை. நூலகத்தில் அந்த வகை நூலே இல்லை. நூல்கள் உண்டு, ஆனால் நீங்கள் வைத்த வடிகட்டியில் ஒன்றும் தேறவில்லை. மூன்றுக்கும் “எதுவும் கிடைக்கவில்லை” என்று ஒரே வாசகத்தைக் காட்டும் பக்கங்கள் ஏராளம். கைப்பேசியில் இணையம் மெதுவாக இருக்கும் ஊரில் முதல் காலிக்கு இந்த வாசகம் வந்தால், ஆள் பக்கத்தை மூடிவிட்டுப் போய்விடுவார். ஸ்வெல்ட்டில் லூப்போடு சேர்ந்தே ஒரு ‘இல்லாவிட்டால்’ கிளை உண்டு; ஜாங்கோவில் ‘எம்ப்டி’ உண்டு. வசதிதான். ஆனால் எந்தக் காலி என்று அவற்றுக்குத் தெரியாது. அதை எழுதுகிறவர்தான் சொல்ல வேண்டும்.

2023 நவம்பரில் வந்த ஆங்குலர் 17 இந்தக் கதையில் ஒரு திருப்பம். நட்சத்திரப் பண்புகளுக்கு மாற்றாக, அட் குறியோடு தொடங்கும் தொகுதிகளாக லூப்பையும் நிபந்தனையையும் எழுதும் முறையை அது கொண்டுவந்தது. டேக்கின் மேல் ஒட்டுவதில்லை. டேக்கைச் சுற்றி அடைப்புக்குறி போட்டு எழுத வேண்டும். எது எதற்குள் இருக்கிறது என்பது கண்ணுக்கே தெரியும், கன்டெய்னர் தேவையில்லை, காலிக்குத் தனித் தொகுதி உண்டு. ஸ்வெல்ட் 2016-லேயே பிடித்துக்கொண்ட பாதை இது. சர்வர் பக்கத்து டெம்ப்ளேட்டுகள் அதற்கும் வெகுகாலம் முன்பிருந்தே இப்படித்தான் எழுதப்பட்டன. பண்புகளாக எழுதும் அழகுக்காக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, பழைய தொகுதிகளுக்கே திரும்பியிருக்கிறார்கள்.

ஆங்குலரின் புதிய லூப்பில் இன்னொரு கட்டாயமும் உண்டு. ஒவ்வொரு உருப்படியையும் எதைக்கொண்டு அடையாளம் காண்பது என்று சொல்லாமல் லூப்பை எழுதவே முடியாது. வியூவிலும் ரியாக்டிலும் இதன் பெயர் ‘கீ’. பட்டியல் மாறும்போது கட்டமைப்பு எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி வரைவதில்லை. பழைய வரிகளில் எவை புதிய பட்டியலிலும் இருக்கின்றன என்று பொருத்திப் பார்த்து, வேண்டியதை மட்டும் மாற்றும். பொருத்துவதற்கு அடையாளம் வேண்டும். நூலுக்கென்று ஒரு எண் இருந்தால் அதைத் தரலாம். சோம்பலில் பலர் தருவது வரிசை எண்ணை: முதல் வரி 0, அடுத்தது 1.

முன்கூட்டி வடிகட்டச் சொன்னேன் அல்லவா, அந்த மருந்தின் பக்கவிளைவு இங்கேதான் தலைகாட்டும். ஒவ்வொரு நூலின் பக்கத்திலும் குறிப்பு எழுத ஒரு பெட்டி இருக்கிறது. மூன்றாவது நூலுக்கு நேராக ஏதோ தட்டச்சு செய்துகொண்டிருக்கிறீர்கள். அந்த நேரம் முதல் நூலை யாரோ இரவல் எடுத்துவிட, வடிகட்டிய பட்டியல் ஒன்று குறைகிறது. மூன்றாவதாக இருந்த நூல் இப்போது இரண்டாவது. வரிசை எண்ணையே அடையாளமாகக் கொடுத்திருந்தால், கட்டமைப்பைப் பொறுத்தவரை முதல் வரியும் இரண்டாம் வரியும் மூன்றாம் வரியும் அப்படியே இருக்கின்றன, கடைசி வரிதான் போயிற்று. எனவே பெட்டிகளை நகர்த்தாமல், தலைப்புகளை மட்டும் மாற்றி எழுதும். நீங்கள் தட்டச்சு செய்தது வேறொரு நூலுக்கு நேராக நிற்கும். லூப்புக்குள்ளேயே வடிகட்டும் பழைய முறையில் மூலப் பட்டியலின் வரிசை எண்கள் நகராததால் இந்தக் கோளாறு வெளியே தெரியாமல் இருந்திருக்கும். வடிகட்டியை வெளியே எடுத்ததும் அது வாயைத் திறக்கிறது. வடிகட்டுவதை இடம் மாற்றுகிறவர்கள் கூடவே கீயையும் பார்க்க வேண்டும். ஆங்குலரின் கட்டாயம்கூட வரிசை எண்ணைத் தடுப்பதில்லை, யோசிக்க மட்டுமே வைக்கிறது.

வியூவில் வி-ஷோ என்று இன்னொன்று உண்டு. அது வரியை நீக்காது, வரைந்துவிட்டு, சி.எஸ்.எஸ். மூலம் மறைக்கும். லூப்போடு சேர்த்து எழுதினால் இரண்டு பதிப்பிலும் ஒரே மாதிரி நடக்கும், முன்னுரிமைத் தகராறு இல்லை. அடிக்கடி காட்டி மறைக்க வேண்டியவற்றுக்கு ஏற்றதும்கூட. ஆனால் ஒற்றை இரட்டை வரிகளுக்கு வெவ்வேறு பின்னணி நிறம் கொடுத்திருந்தால் குட்டு உடைந்துவிடும். மறைந்திருக்கும் வரியையும் சி.எஸ்.எஸ். எண்ணிக்கையில் சேர்த்துக்கொள்வதால், அடுத்தடுத்த இரண்டு வரிகள் ஒரே நிறத்தில் வந்து நிற்கும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். வி-ஷோவானாலும் வி-இஃப் ஆனாலும் மறைப்பது கண்ணிடமிருந்துதான். உறுப்பினர்களின் தொலைபேசி எண்களையும் தரவோடு அனுப்பிவிட்டு, ‘நிர்வாகிக்கு மட்டும்’ என்று டெம்ப்ளேட்டில் நிபந்தனை வைத்தால், உலாவியின் சோதனைக் கருவியைத் திறக்கத் தெரிந்த எந்தப் பள்ளி மாணவரும் அவற்றைப் படித்துவிடுவார். யாருக்கு எது போகலாம் என்ற நிபந்தனையின் இடம் சர்வர்.

சர்வருக்குப் போனால் அங்கேயும் இதே கேள்வி வேறு வேடத்தில் காத்திருக்கிறது. ஐயாயிரம் நூல்களை ஒரே மூச்சில் அனுப்ப முடியாது என்று பக்கத்துக்கு இருபதாகப் பிரிக்கிறோம். சர்வர் இருபது நூல்களைத் தருகிறது. உலாவி அவற்றில் கையிருப்பில் உள்ளவற்றை வடிகட்டுகிறது. முதல் பக்கத்தில் மூன்று நூல்கள், இரண்டாவதில் ஒன்றுமே இல்லை, மூன்றாவதில் பதினொன்று. வாசகர் இரண்டாம் பக்கத்தோடு இனி ஒன்றுமில்லை என்று போய்விடுவார். வடிகட்டிய பின்தான் பக்கம் பிரிக்க வேண்டும். அந்த வடிகட்டி தரவுத்தளக் கேள்வியிலேயே இருக்க வேண்டும். எஸ்.க்யூ.எல். மொழியில் ‘வேர்’ என்ற நிபந்தனைப் பகுதியை ‘லிமிட்’ என்ற எல்லைப் பகுதிக்கு முன்னால்தான் எழுத முடியும். மாற்றி எழுதினால் தரவுத்தளம் ஏற்றுக்கொள்ளாது.